மருந்து குடித்தாயா என்ற கேள்வி

திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்தவள். கற்பிக்க வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. வகுப்பில் எதைக் கேட்டாலும் வரி பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என் முகத்தையே பார்ப்பார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பத்து சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, எதிரே காய்ச்சலில் கிடக்கிற மனிதரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. "மேடம், இவருக்கு என்ன மேடம்?" என்று என்னிடம் கேட்பாள். அந்த மனிதர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இது ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பிள்ளைகளிடம் குறை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் என் பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தபோது, ஐந்து வருடமாக நான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் புத்தகத்தில் இருந்தது தெரிந்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டதே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் முதல்வர் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மென்பொருளை ஏற்றச் சொன்னார். திரையில் ஒரு கட்டில், அதில் ஒரு நோயாளி. கீழே ஒரு பெட்டியில் நாம் கேள்வியைத் தட்டச்சு செய்தால் நோயாளி பதில் சொல்வார். பக்கத்தில் நாடி, மூச்சு, கண், தோல், ரத்த அழுத்தம் என்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அதற்கான விவரம் வரும். நாம் தாமதித்தாலோ தவறு செய்தாலோ நோயாளியின் நிலை மோசமாகும். எந்த மாணவி எதை எந்த வரிசையில் அழுத்தினாள், என்ன கேட்டாள் என்பதெல்லாம் எனக்குத் தனியாகப் பதிவாகும்.

"பாடத்தை நடத்திட்டு இதைக் காட்டாதீங்க. முதல்ல பிரச்சினையைக் குடுங்க. என்ன தெரியணும்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும், தேடிப் படிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க பேசாம இருக்கணும்" என்றார் முதல்வர்.

பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. மென்பொருளோடு வந்த நோயாளி ஒரு வெளிநாட்டுக்காரர். காலையில் ஓட்ஸ் சாப்பிட்டுவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனபோது நெஞ்சுவலி வந்ததாகச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருபது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "மேடம், ஆன்சர் என்ன மேடம்?" நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் பதினேழு கம்ப்யூட்டரில் இறந்துபோனார்.

ஆனால் அன்று மாலை அந்தப் பதிவுகளைப் படிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அம்புட்டு சுவாரசியமாக இருந்தது. ஒரு பிள்ளையின் மனம் எந்த வழியாகப் போகிறது என்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. விடைத்தாளில் தெரிவது போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தானே. இங்கே நடந்துபோன தடம் இருந்தது. ஒருத்தி நாடியைப் பதினோரு முறை அழுத்தியிருந்தாள். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள். இன்னொருத்தி நோயாளியிடம் எதுவுமே கேட்கவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே சிகிச்சைக்குப் போய்விட்டாள்.

அந்த வகுப்பில் இரண்டு பெண்களின் பதிவுகளை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒருத்தி ஒட்டன்சத்திரத்துப் பெண். வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் அவளுடையது. அவளுடைய தடம் நேர்கோடு. நான்கு பொத்தான், ஒரு முடிவு, சிகிச்சை, முடிந்தது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோது திருத்திக்கொள்ள அவளுக்கு நேரமே இருக்காது, நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார்.

இன்னொருத்தி சின்னாளப்பட்டிப் பெண். கடைசி வரிசையில் உட்காருவாள், அதிகம் பேச மாட்டாள். மென்பொருள் எப்போதும் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்ணையே கொடுத்தது, ஏனென்றால் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த ஓட்ஸ்காரரிடம், "நாய் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தாள். "கேள்வி புரியவில்லை" என்று பதில் வந்திருந்தது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"எதுக்கும்மா நாயைக் கேட்ட?"

"அவருக்கு வேற யாரும் இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம். வீட்ல ஆள் இருந்தா, நாயை யாரு பாத்துக்கிறாகன்னு சொல்லுவாருல்ல."

நான் சிரிக்கவில்லை. வார்டில் பன்னிரண்டு வருடம் இருந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது.

அந்த மென்பொருளில் நாமே ஒரு நோயாளியை எழுதிச் சேர்க்கலாம் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஓட்ஸ்காரரை விட்டுவிட்டு நம் ஊர் ஆளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். யாரை எழுதுவது? மனதில் முதலில் வந்தது ஒரு பெண்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தேன். ஒரு பகல் நேரத்தில் ஆட்டோவில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பூந்தோட்ட வேலைக்குப் போகிறவள். வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நிற்காமல் எச்சில் ஒழுகியது. கண்பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்தின் வாடை அறை முழுக்க அடித்தது. பூச்சிமருந்தைக் குடித்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதை அடிக்கடி பார்ப்போம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம், டாக்டர் சொன்ன ஊசிகளைப் போட்டோம். பிழைத்துக்கொண்டாள். நடுவில் இரண்டாம் நாள் மறுபடியும் மோசமாகி, அப்புறம் மெல்லத் தேறினாள்.

அதை அப்படியே எழுதினேன். கண்ணை அழுத்தினால் என்ன தெரியும், தோலை அழுத்தினால் என்ன தெரியும், எதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லாவற்றையும் நினைவிலிருந்து எடுத்து எழுதினேன். இரண்டு மாலை பிடித்தது.

பிள்ளைகள் இந்த முறை நன்றாகச் செய்தார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெண் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து நின்றாள். முழு மதிப்பெண். கண்ணைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், "மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்டாள், "ஆமா" என்று பதில் வந்தது, ஆக்சிஜன் வைத்து டாக்டருக்குத் தகவல் சொல்லி மளமளவென்று போய்விட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மணி அடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் சின்னாளப்பட்டிப் பெண் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"செத்த நேரம் மேடம். இது ஒண்ணுதான் இடிக்குது."

"எது?"

"தோலை அழுத்துனா, 'உடம்பெல்லாம் வியர்வை, ரவிக்கையின் முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்திருக்கிறது, மருந்து வாடை'ன்னு வருது மேடம். குடிச்சிருந்தா வாயிலதானே வாடை வரணும்? முன்னாடி சிந்தியிருந்தா நெஞ்சுல வரும். முதுகுல ஏன் வருது?"

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்புறம், அவங்ககிட்ட துணியை மாத்தணும்னு சொல்றதுக்கு இதுல பொத்தானே இல்ல மேடம். அந்த ஈரத்தோடயே வச்சிருக்கோம். தோல் வழியாவும் உள்ள போகும்னு புத்தகத்துல போட்டிருக்கே."

அந்த வரியை நான்தான் எழுதியிருந்தேன். எழுதும்போது எதையும் யோசிக்கவில்லை, கண்ணில் இருந்ததை எழுதினேன், அவ்வளவுதான். அவள் கேட்ட பிறகு அந்த ரவிக்கை எனக்கு மறுபடியும் தெரிந்தது. குழாய் விடுவதற்காக அவளை நிமிர்த்தி உட்காரவைத்தபோது என் இடது கை அவள் முதுகில் இருந்தது. கை நனைந்தது. வியர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். அன்று பகல் முழுக்க எனக்குத் தலை வலித்தது. வெயில் என்று நினைத்தேன். அவளுடைய சேலையையும் ரவிக்கையையும் மறுநாள் காலைதான் மாற்றினோம். நீளமான பின்னல், அதைக் கழுவவே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதுதான் என்னை உட்காரவிடவில்லை. நான் எழுதிய நோயாளி "ஆமா" என்று சொல்கிறாள். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. குழாய் விடும்போதெல்லாம் தலையை ஆட்டி, "நான் குடிக்கல அக்கா, சத்தியமா குடிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவள் புருஷன் வெளியே தலையைக் குனிந்து நின்றான். மாமியார் அழுதுகொண்டே, "எங்க வீட்ல என்ன கொறை வச்சோம் இவளுக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. தேறி வீட்டுக்குப் போகும்வரை அவள் யாரோடும் பேசவில்லை. நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "இனிமே இப்படிச் செய்யாதம்மா" என்றேன்.

பாடத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த "குடிக்கல" என்பதை "ஆமா" என்று மாற்றி எழுதியிருக்கிறேன். மாற்றுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லாமல்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு டீச்சர் தன் தவறை வகுப்பில் சொல்வது நல்லதா என்று யோசித்தேன்தான். ஆனாலும் சொன்னேன். "அந்தப் பெண் குடிக்கவே இல்லை. மருந்து அடிக்கும்போது தோளில் மாட்டுகிற டேங்க் ஒழுகி முதுகில் இறங்கியிருக்கிறது. நாங்கள்தான் நம்பவில்லை. துணியை மாற்றாததால்தான் இரண்டாம் நாள் மறுபடி மோசமாகியிருக்கிறாள்" என்று சொல்லி முடித்தபோது இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒட்டன்சத்திரத்துப் பெண் கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க மேடம், வயித்தக் கழுவுன தண்ணியில மருந்து வாடை இருந்துச்சுங்களா?"

நான் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"ஞாபகம் இல்லம்மா."

"தண்ணி என்ன நிறத்துல வந்துச்சுங்க?"

"அதுவும் ஞாபகம் இல்ல."

"அப்ப அவங்க குடிக்கலைன்னு எப்படிங்க மேடம் சொல்றீங்க? தோட்டத்துல மருந்து அடிச்சு முதுகு நனைஞ்சும் இருக்கலாம், குடிச்சும் இருக்கலாம். ரண்டாம் நாள் மோசமானதுக்கும் வேற காரணம் இருக்குதுங்க. சில மருந்து உடம்புக் கொழுப்புல தங்கி மெதுவா வெளிய வருமாம். ரண்டு மூணு நாள் கழிச்சு தசை தளர்ந்து மூச்சு திணறுறதும் உண்டாம். நேத்து படிச்சேங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க முன்னாடி ஒரு பதிலை நம்புனீங்க. இப்ப இன்னொரு பதிலை நம்புறீங்க. ரண்டு தடவையும் சீக்கிரமா நம்பிட்டீங்களோன்னு தோணுதுங்க."

வகுப்பில் யாரோ "ஏய்" என்று அவளை அடக்கினார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் சுருக்கென்று இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. வயிற்றிலிருந்து வந்த தண்ணீரைப் பார்த்திருந்தால் அன்றே ஓரளவு தெரிந்திருக்கும். அது என் கையில் இருந்த கிண்ணத்தில்தான் விழுந்தது. நான் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் ஊர்கூட எனக்குத் தெரியாது.

கரும்பலகையில் எங்களுக்குத் தெரியாதவற்றை எழுதினோம். இந்த முறை நான் பட்டியல் போடவில்லை, அவர்களே போட்டார்கள். மருந்து அடிக்கிற டேங்க் உண்மையில் ஒழுகுமா? பெண்கள் அதைத் தூக்குவார்களா? அடிக்கும்போது போட்டிருந்த துணியை என்ன செய்வார்கள்? யார் துவைப்பார்கள்? இதில் எதற்கும் புத்தகத்தில் பதில் இல்லை.

அடுத்த வாரம் எங்களுக்குக் கிராமப் பயிற்சி. கன்னிவாடி போகிற வழியில் ஒரு ஊர், மலையடிவாரம் வரைக்கும் காய்கறியும் பூவும். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பதுதான் வழக்கம். அன்று நாங்கள் ஆறு பேர் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குள் போனோம். தோட்டக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து பூ அளந்து போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் டேங்கைப் பார்க்க வேண்டும் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

"இதைப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீக?"

மூலையில் இருந்த டேங்கை இழுத்துப் போட்டார். முதுகில் மாட்டுகிற பிளாஸ்டிக் டேங்க். மூடியைச் சுற்றி ஒரு பழைய துணியைக் கட்டியிருந்தார்கள். சின்னாளப்பட்டிப் பெண் அதைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். நான் தடுத்து, கையுறையைக் கொடுத்தேன்.

"துணி எதுக்கும்மா?"

"மூடியில இருந்த ரப்பர் வாசர் போயிருச்சு. துணி கட்டலேன்னா வழிஞ்சு முதுகெல்லாம் நனைஞ்சிரும். கட்டுனாலும் நனையும். முதுகு நனையாம எவன் மருந்தடிச்சான்?"

"நீங்களும் அடிப்பீங்களா?"

"ஆளு கெடைக்கலேன்னா நாந்தேன் அடிக்கணும். பூ காத்துக்கிட்டு இருக்குமா?"

ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. விறைத்துப்போய், வெள்ளைத் திட்டுகளோடு. மருந்து அடிக்கும்போது சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொள்வாராம். எப்போது துவைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "அதைப் போய் யாரு தொவைக்கிறது, பூ சீசன் முடிஞ்சதும் கடைசியா ஒரு அலசு அலசுவேன்" என்றார்.

ஒட்டன்சத்திரத்துப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அடிச்சதுக்கப்புறம் உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுங்களா?"

"தலை சுத்தும். ஒமட்டும். ஒருக்கா கண்ணு மங்கிப் போயிருச்சு. மோரைக் குடிச்சுட்டுப் படுத்துக்கிருவேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?"

அந்த அம்மா பூவிலிருந்து கையை எடுத்தார். எங்கள் சீருடையை ஒருமுறை பார்த்தார்.

"போனா என்ன கேப்பாக? மருந்து குடிச்சியான்னு கேப்பாக. இல்லேன்னு சொன்னா நம்புவாகளா? எங்க சின்னம்மா மகளுக்கு அப்படித்தேன் ஆச்சு. வேலைக்குப் போன எடத்துல மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் போட்டாக. குடிச்சுட்டான்னு எழுதிட்டாக. அவ சாகத் துணிஞ்சவன்னு ஊரே பேசிச்சு. புருஷன்காரன் ஒரு வருசம் பேசல. அதுலருந்து எங்க வீட்டுப் பொம்பளைக யாரும் போறதில்ல. மோருதேன்."

அந்தச் சின்னம்மா மகள்தான் நான் பார்த்த பெண்ணா? கேட்க வாயெடுத்தேன். எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி? ஒட்டன்சத்திரத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்று தெரிந்தது.

கேட்டேன். அவர் சொன்ன கணக்குப்படி அது நான் படித்துக்கொண்டிருந்த காலம், ஊரும் வேறு. அவள் இல்லை.

இன்னொரு பெண். அப்படியென்றால் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டே வரப்பில் நடந்து வந்தேன். பஸ்ஸில் பிள்ளைகள் மோரைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்தார்கள். மோர் குடித்தால் ஏன் சரியாகிறது? மோரால் சரியாகிறதா, படுத்துக்கொள்வதால் சரியாகிறதா, கொஞ்சமாகப் போன விஷம் தானாகவே இறங்கிவிடுகிறதா? என்னிடம் யாரும் "ஆன்சர் என்ன மேடம்" என்று கேட்கவில்லை. அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போனார்கள். எனக்கும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம்.

தோட்டத்திலிருந்து கிளம்பும் முன்பே அந்த அம்மாவிடம், மருந்து அடித்ததும் குளித்துத் துணியை மாற்ற வேண்டும், சட்டையைத் தனியாகச் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும், தலை சுற்றினால் மோரை நம்பிப் படுத்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். மூடிக்கு ஒரு வாசர் வாங்கிப் போடச் சொன்னோம். தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

கல்லூரிக்கு வந்து அந்த நோயாளியைத் திருத்தி எழுதினோம். இந்த முறை நான் எழுதவில்லை, அந்த இரண்டு பெண்களும் எழுதினார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணுக்கும் சின்னாளப்பட்டிப் பெண்ணுக்கும் முன்பு பெரிய பழக்கம் கிடையாது. இப்போது மதிய இடைவேளையில் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து சோற்றுக்கு வெஞ்சனத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். துணியைக் களை, தலையையும் உடம்பையும் சோப்புப் போட்டுக் கழுவு, கழுவும் முன் கையுறை போடு என்று புதிய பொத்தான்கள் வந்தன. வயிற்றிலிருந்து வந்த தண்ணீரைப் பார் என்றும் ஒன்று.

நோயாளியின் பதில்களில்தான் இருவருக்கும் சண்டை. "மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்டால் என்ன வர வேண்டும்? "இல்ல"ன்னு வரட்டும் என்றாள் சின்னாளப்பட்டிப் பெண். "குடிச்சவங்களும் இல்லைன்னுதானுங்க சொல்வாங்க" என்றாள் மற்றவள். இரண்டு நாள் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எடுத்த எடுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டால் நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் பதில் வராது. இன்று என்ன வேலை செய்தீர்கள், யாரோடு செய்தீர்கள் என்று தொடங்கினால் எல்லாம் சொல்வாள்.

அதை அடுத்த ஆண்டு மாணவிகளுக்குக் கொடுத்தோம். வகுப்பின் பின்னால் நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். முதல் பத்து நிமிடத்தில் அநேகமாக எல்லாத் திரையிலும் நோயாளி முகத்தைத் திருப்பிவிட்டாள். "மேடம், சாஃப்ட்வேர் ஹேங் ஆயிருச்சு" என்று ஒருத்தி கையைத் தூக்கினாள். சின்னாளப்பட்டிப் பெண் என் காதருகே மெல்லச் சொன்னாள். "ஹேங் ஆகல மேடம். கோவிச்சுக்கிட்டா."

வருடக் கடைசித் தேர்வில் இதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ஒட்டன்சத்திரத்துப் பெண் வழக்கம்போல முதல். சின்னாளப்பட்டிப் பெண் நடுவில் எங்கேயோ. அவள் இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். மற்றவள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது மதுரையிலிருந்து ஒட்டன்சத்திரத்துப் பெண் போன் செய்தாள். குரல் படபடவென்று இருந்தது.

"மேடம், இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க. வயல்ல மயங்கி விழுந்துட்டாருன்னு கூட்டிட்டு வந்தாங்க. வேர்த்துக் கொட்டுது, வாந்தி, நாடி ரொம்ப மெதுவா. மருந்து அடிச்சுட்டு இருந்தாருன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. சட்டையை மோந்து பாத்தா வாடை. நான் ஒண்ணுமே கேக்கலீங்க. நேரா சட்டையைக் கிழிச்சு, கழுவ ஆரம்பிச்சுட்டேனுங்க."

"நல்லதுதானேம்மா?"

"இல்லீங்க மேடம். கழுவிட்டு இருக்கும்போது கண்ணப் பாத்தேனுங்க. பாப்பா சுருங்கவே இல்ல. எச்சிலும் இல்ல. சட்டுனு நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொன்னேன். ஈசிஜி எடுத்தா ஹார்ட் அட்டாக்குங்க. அந்த ஆளு மருந்து அடிச்சதும் நிஜம், சட்டையில வாடை இருந்ததும் நிஜம். ஆனா வந்தது அது இல்லீங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"பரவால்லீங்க. ஐசியூவுக்கு மாத்திட்டாங்க." பிறகு அவளே தொடர்ந்தாள். "நம்ம எழுதுன கேஸ் என் மண்டையிலயே உக்காந்துட்டு இருந்துச்சுங்க மேடம். யாரு வேர்த்துட்டு வந்தாலும் முதுகைத்தான் பாக்கறேன். அதுவும் தப்புதானுங்களே?"

கோயில் வாசலில் ஜனம் கலைந்துகொண்டிருந்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்று, அவரோடு வந்தவர்கள் என்ன சொன்னார்கள், எந்த வரிசையில் சொன்னார்கள், கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எந்த நொடியில் தோன்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "அது தெரியலீங்க மேடம், யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் அந்த மனிதரை மென்பொருளில் எழுத உட்கார்ந்தேன். வயது, தொழில், சட்டையின் வாடை, நாடி எல்லாம் எழுதியாகிவிட்டது. அவர் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லையாம். யாரும் கேட்கவும் இல்லையாம்.